ராஜபாளையம் சார்

குழுவில் மூன்று மாதம் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ஸப்பில் என் முகத்துக்குப் பதிலாக ஒரு நீராவி இன்ஜினின் படத்தை வைத்திருந்தேன். பேரும் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருந்தேன். அதனால் ‘ராஜபாளையம் சார்’. பொம்மை ரயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் ஆம்பளையாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. நானும் திருத்தவில்லை. திருத்தினால் பேச்சு மாறிப்போகும் என்று ஒரு பயம். தண்டவாளத்தையும் மோட்டாரையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் திடீரென்று ‘சாப்டாச்சாம்மா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

என்னையும் சேர்த்து நாலே பேர் உள்ள குழு அது. யூடியூபில் யாரோ ஒருவர் தன் பொம்மை ரயிலைக் காட்டிய வீடியோவுக்குக் கீழே, ‘பாயிண்ட்டைத் தாண்டும்போது வண்டி தடம் புரளுது, என்ன செய்யலாம்?’ என்று ஒருவர் தமிழில் கேட்டிருந்தார். பாயிண்ட் என்றால் வண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடம். சக்கரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள் என்று நான் எழுதினேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ‘நான் ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று பதில் வந்தது. ஐம்பத்து நாலு வயதில், அரை மணி நேர பஸ் தூரத்தில், என்னைப் போலவே கிறுக்கு பிடித்த இன்னொரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்தான் என்னைக் குழுவில் சேர்த்தார்.

நேரில் பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது ஒளிந்துகொள்ள வழி இல்லாமல் போயிற்று. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம் மூணு மணி, போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் வீட்டு மாடி. அந்த மாடியில் அவர் மனைவி பல வருஷம் டியூஷன் எடுத்திருக்கிறார். படியேறிப் போய் வாசலில் நின்றேன். போஸ்ட் ஆபீஸ் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாரும்மா வேணும்? டியூஷன் இப்ப எடுக்கிறதில்லையே.”

“டியூஷனுக்கு இல்ல சார். நான்தான் ராஜபாளையம் சார்.”

நான் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, பஞ்சுக்குள் வைத்திருந்த இன்ஜினைக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தபிறகு, “உள்ள வாங்க, வெயிலா இருக்கு” என்றார்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் தரையில் உட்கார்ந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர், மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். இன்னொருவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். விஷயத்தை அவருக்கு இரண்டு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, “அந்தச் சக்கர இடைவெளி சொன்னது இவியதானா?” என்றார். ஆமாம் என்றார்கள். “அது சரியாத்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிக்னல் கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்.

பிறகு கொஞ்ச நாள் ‘மேடம்’ என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. காயில் கட்டுகிறவர் மட்டும் ‘அக்கா’ என்பார். மற்ற இரண்டு பேருக்கும் நான் இன்றுவரை ‘ராஜபாளையம் சார்’தான்.

இந்த ஆசை எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால் ஒரே பதில்தான் சொல்லத் தெரியும். என் அத்தை மகனுக்குப் பம்பாயிலிருந்து ஒரு சாவி ரயில் வந்தது. எட்டு வளைந்த தகரத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு வட்டம். அவன் ஓட்டுவான், சாவி கொடுக்கிற வேலை மட்டும் எனக்கு. இரண்டே மாதத்தில் ஸ்பிரிங் நழுவி அது நின்றுபோனது. அவன் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டான். நான் கொண்டை ஊசியால் அதைத் திறந்து, ஒரு சனிக்கிழமை முழுக்கக் குடைந்து, ஸ்பிரிங்கை மாட்டினேன். ஓடியது. அதற்குள் அவனுக்குப் பட்டம் விடுகிற பைத்தியம் வந்துவிட்டதால் வண்டி எனக்கே ஆயிற்று. மற்ற பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி ரயில் ஆசை ஒரு வயசுக்குமேல் போய்விடும். எனக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

பதினெட்டு வயதில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு செக்கிங். வெள்ளைத் துணியை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்து நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நாளெல்லாம் நின்றபடி, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல். கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து ரயில் பெட்டிகள் செய்வேன். பிளேடால் ஜன்னல் வெட்டுவேன். மகள் பிறந்ததும் வசதியாகிவிட்டது. ‘பிள்ளைக்குப் பொம்மை செய்றேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு ஏழு வயதில் அலுத்துவிட்டது. நான் அவள் பேரைச் சொல்லியே இன்னும் பத்து வருஷம் ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். நிஜமான மின்சார இன்ஜின் என்று என்னிடம் முதலில் வந்தது அவர் டெல்லியிலிருந்து கொண்டுவந்ததுதான். துணிமூட்டைக்குள் சுருட்டி, இரண்டு நாள் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். “கடை கடையா ஏறி இறங்கினேன். கடைக்காரன் மகனுக்கான்னு கேட்டான். ஆமான்னுட்டேன்” என்றார். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. அவர் கடையில் பரோட்டா வாங்கிவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான் வயர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்ஷனில் வந்தபிறகு ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். அறுபது முடிந்த கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சு மட்டும் குழறலாகத் தப்பியது. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக ஆரம்பித்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து. மகள் கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள், வந்து தங்க முடியாது. பக்கத்துத் தெருவில் இருக்கிற என் நாத்தனார் இரண்டாவது ஞாயிறுகளில் மத்தியானம் வந்து உட்கார்ந்துகொள்வார். “போய்ட்டு வா. நாலு மணி நேரம்தானே” என்பார். மாதத்துக்கு நாலு மணி நேரம். மீதி நேரமெல்லாம் காலையில் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவது, மத்தியானம் ஒரு தரம் பெர்மிஷன் போட்டு வந்து போவது, சாயங்காலம் கைகால் பயிற்சி கொடுப்பது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் மம்சாபுரம் விலக்கு வருவதற்குள் தூங்கிப்போவேன். கண்டக்டர்தான் எழுப்பிவிடுவார்.

மாடியில் நாங்கள் செய்ய நினைத்தது எங்கள் ஊர் ரயில் பாதையைத்தான். ராஜபாளையம் ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் வரைக்கும். நாலடிக்கு இரண்டடி பலகைகள் ஐந்து. ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகக் கழன்று வரும். சேர்த்து போல்ட் முடுக்கினால் இருபது அடிக்கு வண்டி ஓடும். கார்டு அண்ணாச்சி இரண்டு ஸ்டேஷன்களையும் எடுத்துக்கொண்டார். சிக்னல் கம்பம் ஒரு விரல் தள்ளி இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். காயில் கட்டுகிறவர் மின்சாரம் முழுவதும். போஸ்ட் ஆபீஸ் சார் தண்டவாளம். எனக்கு நடுப்பலகை. ஒரு கண்மாய், கொஞ்சம் தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மலை.

கோபுரத்தை வைப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் இரண்டு ஞாயிறு போயிற்று. போஸ்ட் ஆபீஸ் சாருக்குக் கோபுரம் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொல்ல மனசு வரவில்லை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அளவுப்படி செய்தால் இரண்டடிக்கு மேல் உயரம் வரும். அதற்கு முன்னால் வண்டி எறும்பு மாதிரி தெரியும்.

“சின்னதாச் செய்வோம் சார். யாரு அளக்கப் போறா?” என்றார்.

“நான் அளப்பேன்” என்றார் கார்டு அண்ணாச்சி. அந்த ஒன்று மட்டும் அவருக்கு முதல் தடவையிலேயே காதில் விழுந்துவிட்டது.

கோபுரம் வேண்டாம் என்று முடிவாயிற்று.

மலையை எதில் செய்வது என்று எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பிளாஸ்டர் தடவிய துணியை வாங்கி நனைத்துப் போடுவதை வீடியோவில் பார்த்திருந்தேன். அந்தத் துணியைத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜரிடம் போய்க் கழிவுத்துணி கொஞ்சம் வேண்டும் என்றேன்.

“வீட்ல யாருக்காச்சும் எலும்பு முறிஞ்சு போச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார். மலை செய்யணும்.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். ஒரு சாக்கு நிறையக் கொடுக்கச் சொன்னார்.

காலையில் நாலரைக்கு எழுந்தால் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அடுக்களைத் தரையில் பலகையைப் போட்டு, பழைய பேப்பரைக் கசக்கிக் குவித்து, அதன்மேல் பிளாஸ்டர் கரைசலில் முக்கிய துணியைப் போர்த்துவேன். பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். கைகால் பயிற்சி சொல்லித்தருகிறவர், வீட்டுக்காரரை வலது கையால் எதையாவது கசக்கச் சொல்லியிருந்தார். அதனால் பேப்பர் கசக்குகிற வேலையை இவரிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் தாளைக் கீழே தள்ளிவிட்டு, “எனக்கு வேணாம்” என்றார். நான் வற்புறுத்தவில்லை.

மலைக்கு நிறம் மட்டும் சரிப்பட்டு வரவே இல்லை. தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்க்கிற மலைதான். காலையில் நீலமாக இருக்கும், பத்து மணிக்குச் சாம்பல், மழை பெய்துவிட்டால் கறுப்பு. மூன்று தரம் அடித்து மூன்று தரமும் சுரண்டினேன். “பச்சையா அடிச்சுருங்க சார். எல்லாரும் மலைன்னு ஒத்துக்குவாக” என்றார் கார்டு அண்ணாச்சி. நான் அடிக்கவில்லை. கடைசியில் காய்ந்த புல் நிறத்தில் அடித்து, பள்ளங்களில் மட்டும் நீலத்தைத் தண்ணியாகக் கலந்து விட்டேன். அந்த ஞாயிறு மாடியில் பலகையை வைத்தபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். காயில் கட்டுகிறவர்தான் சொன்னார்: “அக்கா, எங்க வீட்டு மொட்டைமாடியில நின்னு பாக்குற மாரியே இருக்கு.” என் வாழ்க்கையில் என் வேலையைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. முப்பத்தைந்து வருஷமாகக் கம்பெனியில் நான் செய்தது குறை கண்டுபிடிக்கிற வேலை. அதில் பாராட்ட ஒன்றும் கிடையாது.

இரண்டு வருஷத்துக்குக் கிட்டே ஆயிற்று எல்லாம் முடிய. அந்தச் சமயம் மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்கள், வந்து ஓட்டிக் காட்டுங்கள் என்று போஸ்ட் ஆபீஸ் சாருக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் கேட்டார். சனிக்கிழமை, முழு நாள். நான் லீவு போட்டேன். நாத்தனாரிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்தேன். இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, பலகைகளை ஏற்றிய குட்டியானை வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முந்தின இரண்டு நாளும் மழை. என் மலை நனையாமல் இருக்கத் தார்ப்பாயைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். இருந்தும் ஈரக்காற்றில் பலகை உப்பிவிட்டது. பள்ளிக்கூட ஹாலில் சேர்த்து வைத்துப் பார்த்தால் என் பலகையின் ஓரம் இரண்டு அட்டை கனத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

முதல் வண்டி ராஜபாளையத்திலிருந்து கிளம்பியது. அறுபது எழுபது பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். என் பலகை வந்ததும் இன்ஜின் குதித்து, கண்மாய் பக்கம் சாய்ந்து விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு அதுவும் பிடித்திருந்தது. காயில் கட்டுகிறவர் பலகைக்கு அடியில் படுத்து அட்டைத்துண்டு செருகத் தொடங்கினார். ஒரு வாத்தியாரம்மா என்னிடம் வந்து, “எல்லாம் அழகா இருக்கு. கோபுரம் எங்க?” என்று கேட்டார். நான் அளவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

நாத்தனார். “பதறாத. அண்ணன் பாத்ரூம் போறேன்னு தானா எந்திரிச்சு விழுந்துட்டாவ. நான் அடுக்களையில இருந்தேன். தூக்க முடியல. பக்கத்து வீட்ல கூப்பிட்டிருக்கேன். நீ வா.”

போஸ்ட் ஆபீஸ் சாரிடம் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கார்டு அண்ணாச்சி குடையோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் வந்ததும், “நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க இதப் பத்தி நினைக்காதீய” என்றார்.

அந்தப் பஸ்ஸில் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக மாதம் நாலு மணி நேரம் என்று திருடித் திருடிச் செய்த ஒரு காரியம். ஒரே ஒரு நாள் அதை ஓட்டிப் பார்க்கப் போனேன். அந்த ஒரு நாள் இவரால் கட்டிலில் கிடக்க முடியவில்லையா? தம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட ஆளைக் கூப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் ஏன் தானாக எழுந்தார்? ராஜபாளையம் வருகிறவரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் தரையில் தலையணை வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வண்டி ஓடிச்சா?” என்று குழறிக் கேட்டார். ஓடிச்சு என்றேன். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

இடுப்பு எலும்பு. மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தோம். மகள் பத்து நாள் வந்து இருந்தாள். அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. நான் வேலையை விட்டேன். அட்டை செருகியபிறகு வண்டி சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது என்று குழுவில் வீடியோ போட்டிருந்தார்கள். பாதி பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சோர்வாக இருந்தது. குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தேன். ஏழெட்டு மாதம் நான் யாருக்கும் பதில் போடவில்லை. இன்ஜின்கள் பிஸ்கட் டப்பாக்களில் அலமாரி மேல் கிடந்தன. ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆசை அப்படியே இருந்தது. நாற்காலி போட்டு ஏறி அதை எடுக்கிற தெம்புதான் இல்லை.

ஒரு நாள் காலையில் போஸ்ட் ஆபீஸ் சார் போன் பண்ணினார். அவர் மகன் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கப் போகிறானாம், குடும்பத்தோடு வருகிறான், மாடி வேண்டும்.

“பலகைய எல்லாம் ஆளுக்கொண்ணாப் பிரிச்சுக்கலாம்னு பேசியிருக்கோம் சார். உங்க மலைய உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?”

“மத்தத என்ன செய்வீங்க?”

“காயில் கடையில இடம் இல்ல. அண்ணாச்சி மக வீட்ல இருக்காரு. என்ன செய்ய, கழட்டிற வேண்டியதுதான்.”

நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. வாயில் வந்துவிட்டது. “எல்லாத்தையும் இங்க கொண்டாந்துருங்க.”

போனை வைத்தபிறகுதான் இவரிடம் சொன்னேன்.

“எங்க வைப்ப?” என்று கேட்டார்.

“முன் ரூம்புல. உங்க கட்டிலுக்கு எதுக்க.”

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

“சத்தம் வருமா?”

“வரும்.”

“எம்புட்டு?”

“மிக்ஸி அளவுக்கு இருக்காது.”

“நான் தூங்கும்போது ஓட்டக் கூடாது.”

“சரி” என்றேன்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் பலகைகளோடு வந்து இறங்கினார்கள். டேப் வைத்து அளந்தார்கள். நீளச் சுவர் பதினாலு அடி. அதற்குமேல் கதவு. மூலையில் திருப்பினாலும் இன்னும் நாலடிதான் கிடைக்கும், அதற்கு அந்தப் பக்கம் இவருடைய கட்டிலும் மருந்து மேசையும். இருபது அடி வண்டிப்பாதையை எப்படி வைத்தாலும் வைக்க முடியாது. மூன்று பேரும் டேப்பை இழுப்பதும் சுருட்டுவதுமாக நின்றார்கள். எதை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்டேஷன்களை வெட்ட முடியாது, தண்டவாளம் பிரிகிற இடங்கள் எல்லாம் அங்கேதான்.

“மலை போகட்டும். பாதிப் பலகையில அது மலையாத் தெரியாது” என்றேன்.

“வேணாம் அக்கா, வேற ஏதாவது பாப்போம்” என்றார் காயில் கட்டுகிறவர்.

“வேற என்னத்தப் பாக்க?”

அவர் கடையிலிருந்து ரம்பம் எடுத்து வந்திருந்தார். நானே அறுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வாசலில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, மலையையும் தோப்பையும் ஒரு பக்கமாகவும், கண்மாயையும் தண்டவாளத்தையும் ஒரு பக்கமாகவும் கோடு போட்டு அறுத்தேன். பிறகு நீளத்திலும் பாதியாகக் குறைத்தேன். பிளாஸ்டர் பொடி புடவையெல்லாம் அப்பிக்கொண்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கை வலித்தது. போஸ்ட் ஆபீஸ் சார் உள்ளே போய் இவரோடு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மலையைக் காம்பவுண்டு சுவரோரம் சாய்த்து வைத்தோம். இரண்டு மழைக்குத் தாங்கியது.

இப்போது எங்கள் பாதையில் ராஜபாளையம் முடிந்ததும் இரண்டடிக் கண்மாய், உடனே ஸ்ரீவில்லிபுத்தூர். “நடுவுல ஊரே இல்லாமப் போச்சே. டிரைவர் விசில் அடிக்கக்கூட நேரம் பத்தாது” என்று கார்டு அண்ணாச்சி ஒவ்வொரு மாதமும் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் வேறு வழி இல்லை. இரண்டாவது ஞாயிறுகளில் அவர்கள் மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே வருகிறார்கள். இவர் மூன்றரை வரை தூங்குவார், அதுவரைக்கும் வண்டி ஓடாது. வயரைச் சரிபார்ப்பது, சக்கரம் துடைப்பது என்று சத்தமில்லாத வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள். எழுந்தபிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைப்போம். இவருக்கு ரயில் பிடித்துப்போய்விட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் கார்டு அண்ணாச்சியின் பேச்சு பிடித்திருக்கிறது. ராணுவ ஸ்பெஷல் வண்டிகளில் போன கதையை இவர் குழறிக் குழறிச் சொல்வார், அவருக்குக் காது கேட்காது, இருந்தும் இரண்டு பேருக்கும் எப்படியோ புரிகிறது.

எனக்கு அந்த நாட்களில் வேலை கொஞ்சம் கூடத்தான். காப்பி போட வேண்டும், நாற்காலி இரவல் வாங்க வேண்டும். நான் இன்ஜினைத் தொடுவது குறைந்துவிட்டது. கண்ணும் முன்போல் இல்லை. முப்பத்தைந்து வருஷம் வெள்ளைத் துணியைப் பார்த்த கண்.

போன மாதம் நடந்தது இது. அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் இவருக்கு மூச்சு இளைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தோம். இருந்தாலும் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வந்தார்கள். காப்பி கொடுத்தேன். கன்ட்ரோலரைத் திருப்பி வண்டியைக் கிளப்பினேன். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, அது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வாசல் வெயில் போய்விட்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. பாதையின் மேல் பழைய வேட்டி போர்த்தியிருந்தது. காப்பித் தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. இவர் கட்டிலில் சாய்ந்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவிய எங்க?” என்றேன்.

“போயி ஒரு மணி நேரம் ஆச்சு. எழுப்ப வேணாம்னுட்டாவ.”

“உங்களுக்கு மாத்திரை?”

“அந்தப் போஸ்ட் ஆபீஸ்காரரு குடுத்தாரு. சீட்டைப் பாத்துத்தான் குடுத்தாரு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நீ குறட்டை விட்ட. அண்ணாச்சிக்கே கேட்டுருச்சு.”

எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. “இன்னும் செத்த நேரம் இரு. இப்ப என்ன அவசரம்?” என்றார். அவசரம் ஒன்றும் இல்லைதான். நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, அடுத்த மாதத்துக்குள் கன்ட்ரோலர் வயரை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பிறகு எழுந்து போய் உலை வைத்தேன்.